முப்பத்தொரு கைநாட்டு

ஆஸ்டின் டவுன், பெங்களூரு
11 மார்ச் 2024

லாவண்யாம்மாவுக்கு, பெர்னார்ட் சொல்ல ஜோசஃபின் எழுதுவது.

மேலே உள்ள தேதி ஜோசஃபின் போட்டது. எனக்கு வருஷத்தை எண்ணாகச் சொல்லிப் பழக்கமில்லை. நிலாவில் நம் வண்டி இறங்கி, காவிரிக்காக ஊரே கடையடைத்து, அதற்கு அடுத்து வந்த கோடை இது. எங்கள் தெருவில் போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் லாரிக்குப் பின்னால் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஆபீஸ்காரர்கள் குடத்தோடு ஓடுகிறார்கள். வகுப்பில் உங்கள் கையைப் பார்த்தே படித்த என் பேத்தி சோஃபியாவை நடுவில் விட்டுவிட்டு நீங்கள் மைசூருக்குப் போனதும் இந்த வருஷம்தான். இரண்டையும் மறக்க மாட்டேன்.

போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் கத்தியிருப்பேன். அதனால் கடிதம். ஜோசஃபின் பக்கத்து வீடு, சர்ச் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவள். நான் பேசுவதை அப்படியே எழுத மாட்டாளாம், திருத்தித்தான் எழுதுவாளாம். எழுதட்டும், கோபத்தை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் போனது வெள்ளிக்கிழமை, நீல சல்வார். கேட்டருகே சோஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள், முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், நாலு மணிக்குத் திரும்பினாள். "என்ன நடந்தது?" என்று கையால் கேட்டேன். "தாரணி மேடத்தின் முதுகு" என்றாள். அந்த மேடம் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுவாராம். உதட்டைக்கூடப் படிக்க முடியாது.

அவள் அம்மா, என் மகள், உயிரோடு இல்லை. மருமகன் மஸ்கட்டில். என் தம்பி லாயிட்டும் சோஃபியாவைப் போலக் காது கேளாதவன், பிறவியிலேயே, அவனோடு ஐம்பது வருஷம் கையால் பேசியவன் நான். வகுப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் ஆணையர் ஆபீசுக்குச் சோஃபியா போட்ட மனு எப்போது எழுந்து வரும் என்று தெரியாது. காலேஜில் போய், "நான் பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று கேட்டேன். "தாராளமாக வாங்க தாத்தா" என்றார்கள். மூன்று வாரமாகத் தினமும் பாட்டனி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு நடுவில், எழுபத்தேழு வயதில்.

கை வலி என்று விட்டீர்களாம். கால்ஃப் மைதானத்தில் முப்பத்தேழு வருஷம் அடுத்தவன் பையைத் தோளில் சுமந்தவன் நான். யாருக்கு வலி இல்லை? திரும்பி வாருங்கள்.

பெர்னார்ட்

*

மைசூரு
23 மார்ச் 2024

மதிப்பிற்குரிய பெர்னார்ட் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் கையால் எழுதவில்லை. போனில் பேசி, அது எழுத்தாக மாறி, அக்கா வீட்டுக்காரர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். இப்போதைக்கு நாம் இரண்டு பேருமே எழுத முடியாதவர்கள்.

யாருக்கு வலி இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எனக்கு மரத்துப்போகிறது. தோசை திருப்ப முடியவில்லை. தலைமுடியை அக்காதான் பின்னிவிடுகிறாள். உங்கள் தோளில் இருந்த பையை ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடக்கையில் மட்டும் தூக்கினால் போதும், நடுவில் இறக்கி வைக்கலாம். வகுப்பில் பேச்சு நிற்காது. அதனால்தான் எங்கள் வேலையில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். நான் ஒன்றரை வருஷம் தனியாக, தினம் ஆறு மணி நேரம் செய்தேன். இன்னொருவர் வேண்டும் என்று காலேஜுக்கு நாலு முறை எழுதிக் கொடுத்தேன். "நீங்களே நல்லா பண்றீங்களே மேடம்" என்று பதில் வந்தது. அதுவும் வாயால்தான், எழுத்தில் வரவில்லை.

அன்றைக்குக் கேட்டருகே நான் சோஃபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. என் விரல்கள் பிரியவில்லை. அவள்தான் பிடித்து ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நீங்கள் தூரத்திலிருந்து பார்த்தீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. எந்தப் பெயரில் உங்களை வகுப்பில் உட்காரவைத்திருக்கிறார்கள்? விருந்தாளியா, பாதுகாவலரா? ஏதாவது கையெழுத்துக் கேட்டார்களா? தயவுசெய்து எதிலும் போடாதீர்கள்.

என்னால் திரும்ப வர முடியாது.

லாவண்யா

*

ஆஸ்டின் டவுன்
10 ஏப்ரல் 2024

லாவண்யாம்மாவுக்கு,

விரல் விஷயம் எனக்குத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்ததை அருகில் பார்த்ததுபோல் பேசிவிட்டேன். அதை மனதில் வைக்காதீர்கள்.

உங்கள் கடிதம் முப்பதாவது நாள் சாயங்காலம் வந்தது. முப்பத்தொன்றாம் நாளும் போனேன், என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாமென்று.

கேட்டில் வாட்ச்மேன் ஒரு பெரிய நோட்டை நீட்டுவான். "ஹெப்பெட்டு ஹாக்கி, தாத்தா" என்று கன்னடத்தில் கைநாட்டுக் கேட்டு மைப்பெட்டியைத் திறப்பான். உள்ளே போகிற எல்லோரும் போடுவதாக நினைத்துக் கட்டைவிரலை வைத்தேன். கைநாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பயம் உண்டு, அது இப்போது வேண்டாம். பயம் இருந்தும் வைத்தேன். மாட்டேன் என்றால் உள்ளே விடமாட்டானே. முப்பத்தொன்றாம் நாள்தான் கவனித்தேன், எனக்கு முன்னால் போன பால்காரன் வேறு நோட்டில் போட்டான். என் நோட்டில் பக்கம் முழுக்க ஒரே கட்டைவிரல், என்னுடையது.

ஆணையர் ஆபீசிலிருந்து காலேஜுக்குக் கேள்வி போயிருக்கிறது. காலேஜ் கொடுத்த பதிலின் நகல் வந்தது. ஜோசஃபின் படித்தாள். 'மாணவிக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் தொடர்ந்து ஏற்பாடு செய்யப்பட்டுள்ளார். பெயர் பெர்னார்ட். வருகைப் பதிவேடு இணைக்கப்பட்டுள்ளது.' முப்பத்தொரு கைநாட்டு. என் பேத்தியின் மனுவை நானே என் விரலால் அழித்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் பிரின்ஸிபால் ரூமுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஒரு காகிதத்தில், தாத்தா சொல்வது புரிகிறதா என்று எழுதிச் சோஃபியாவிடம் நீட்டினார்கள். அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிகிறது என்று தலையாட்டினாள். பிரின்ஸிபால் என் கையைக் குலுக்கினார். "யூ ஆர் எ பிளஸ்ஸிங் டு அஸ், மிஸ்டர் பெர்னார்ட்." கால்ஃப் மைதானத்து இங்கிலீஷ் எனக்குப் புரியும். பாட்டனி இங்கிலீஷ்தான் புரியாது.

வெளியே வந்து, "ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்டேன். "பொய் இல்லை" என்றாள்.

மே இருபத்துமூன்று விசாரணை. நீங்கள் வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கிழவனுக்குத் தெரிந்தது சமையலறைச் சைகை, சாப்பிட்டாயா, மழை வருகிறது, மாமா வந்தார், அவ்வளவுதான், இது பாடத்துக்கு ஆகாது என்று சொல்லுங்கள். எனக்கு மானக்குறைவு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லுங்கள்.

பெர்னார்ட்

*

மைசூரு
22 ஏப்ரல் 2024

தாத்தாவுக்கு,

கோபப்படத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, அசதியாக இருக்கிறது. உங்களைக் கோபிப்பதற்கு எனக்கு என்ன தகுதி? ஒரே ஆள் போதும் என்று அந்தக் காலேஜுக்குக் கற்றுக் கொடுத்தவளே நான்தான். முதல் வாரமே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எதிரில் சோஃபியா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்த மனம் வரவில்லை. நான் வலியை மறைத்தேன், நீங்கள் பாசத்தில் போய் உட்கார்ந்தீர்கள். அவர்களுக்கு இரண்டுமே வசதியாகப் போயிற்று.

விசாரணைக்கு வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்ய மாட்டேன். அன்றைக்குச் சோஃபியா பேசுவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கூப்பிடக்கூடியவர்களில் அவளுக்குப் பழக்கமானவள் நான்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நான் சாட்சி சொல்ல முடியாது. எனக்கென்று அபிப்பிராயம் இருக்கக்கூடாது. அவள் கை சொல்வதை என் வாய் சொல்லும். 'அவள் சொல்கிறாள்' என்றுகூடச் சொல்ல மாட்டோம், 'நான்' என்றுதான் சொல்வோம்.

ஆகவே இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கும் அவள் "தாத்தா சொல்வது எனக்குப் புரிகிறது" என்று காட்டினால், நானும் அதையே உரக்கச் சொல்வேன். மனு அன்றோடு முடிந்துவிடும். அடுத்த வருஷம் முழுக்க அவள் தாரணி மேடத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நீங்கள் அவளிடம்தான் பேச வேண்டும், என்னிடம் இல்லை.

முடிந்தால் நீங்கள் உட்கார்ந்த நாட்களைப் பற்றி ஒரு வாக்குமூலம் தயார் செய்யுங்கள். நோட்டுப் புத்தகம் ஏதும் உங்களிடம் இருக்காது என்று தெரியும்.

லாவண்யா

*

ஆஸ்டின் டவுன்
7 மே 2024

லாவண்யாவுக்கு,

ஒரு வழியாக மழை வந்தது. ஏப்ரல் முழுக்க ஒரு சொட்டு இல்லாமல் இருந்துவிட்டு, கிளைகளை முறித்துப் போட்டுக்கொண்டு வந்தது.

நோட்டுப் புத்தகம் எனக்கு எதற்கு? பதினெட்டுக் குழி ஆடி முடித்தபின் நாலு ஆட்டக்காரர்களும் எத்தனை அடி அடித்தார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள், அட்டையைப் பார்க்க மாட்டார்கள். மூன்று சாயங்காலம் நான் சொல்லச் சொல்ல ஜோசஃபின் எழுதினாள், பதினோரு பக்கம். உதாரணத்துக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் நாள், பிப்ரவரி பத்தொன்பது. போர்டில் ஒரு இலைப் படம், அதற்குள் சின்னச் சின்னப் பெட்டிகள். ஐம்பது நிமிஷம் மேடம் பேசினார். நான் சோஃபியாவுக்குச் சொன்னது: இலை, வெயில், சாப்பாடு. மீதி நாற்பத்தொன்பது நிமிஷம் கையை மடியில் வைத்திருந்தேன். நாலாம் நாள், வேர்ப் படம். நான் சொன்னது: வேர், தண்ணீர், குடிக்கிறது. எட்டாம் நாள் வகுப்பே சிரித்தது. எதற்கு என்று சோஃபியா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மேடம் தும்மினார் என்று பொய் சொன்னேன், அவளும் சிரித்தாள். பதினான்காம் நாள் பரீட்சைத் தேதியை மாற்றினார்கள். வாயால் மட்டும் சொன்னார்கள். எனக்குப் பிடிபடவில்லை. சோஃபியா பழைய தேதியில் போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாள். பூஜ்யம் போட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் நான் தூங்கிவிட்டேன். அதையும் எழுதச் சொன்னேன். ஜோசஃபின் எழுத மாட்டேன் என்றாள், மிரட்டி எழுதவைத்தேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு சோஃபியாவிடம் பேசப் போனேன். "விசாரணையில் உண்மையைச் சொல்" என்றேன். "உங்களை அவமானப்படுத்தச் சொல்கிறீர்களா?" என்றாள். "ஆமாம்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் கண்ணை மூடினால் பேச்சு முடிந்தது. நான் சொல்வதை அவள் காதில் போட வழியில்லை, தோளைத் தட்டினால் தள்ளிவிடுகிறாள். பத்து நாளாக என்னைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள்.

அவள் அப்பன் மஸ்கட்டிலிருந்து, "படிப்பை நிறுத்திடலாம் மாமா, எதுக்கு இந்தக் கோர்ட்டு கச்சேரி" என்கிறான்.

என்னிடம் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொன்னால் அவள் கண்ணைத் திறப்பாளா, ஒரேயடியாக மூடிக்கொள்வாளா, தெரியவில்லை. இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

பெர்னார்ட்

*

மைசூரு
27 மே 2024

தாத்தாவுக்கு,

இது என் கையெழுத்துதான். கோணலாக இருக்கிறது, மூன்று தடவையாக எழுதுகிறேன். இதை ஜோசஃபின் ஆன்ட்டி படிக்கத் தடுமாறினால் மன்னிக்கச் சொல்லுங்கள்.

விசாரணை முடிந்ததும் மைசூர் ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது. உங்களிடம் சரியாகப் பேசவில்லை. நீங்களும் என்னைப் பார்க்காமல் வராந்தாவில் தண்ணீர்க் கேனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

காலேஜ் வக்கீல் அந்தப் பதிவேட்டை மேஜையில் வைத்தார். அவரேதான் கேட்டார், "பாட்டியா தாத்தாவா யாரா இருந்தா என்ன சார், குழந்தைக்குப் புரியுதா இல்லையா, அதானே விஷயம்? இங்கேயே பாத்துடலாமே." தாரணி மேடம் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி படித்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள். ஒரு விஷயம் சொல்லட்டுமா? வேண்டுமென்றே மோசமாகச் செய்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் செய்யவில்லை. தெரிந்ததையெல்லாம் வைத்து முழு மனதோடு செய்தீர்கள். நெற்றியில் வேர்த்தது. இலை, தண்ணீர், மேலே போகிறது, சூடு. பிறகு நின்றீர்கள், கை அந்தரத்திலேயே இருந்தது.

அதிகாரி சோஃபியாவைக் கேட்டார். நான் சைகையில் கேள்வியைக் கொடுத்தேன். அவள் உங்களையே பார்த்தாள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாதபோது நாங்கள் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்ததுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவள் கை எழுந்தது. என் வாய் சொன்னது: "எனக்கு என் தாத்தா புரியும். பாடம் புரியாது. அன்றைக்குத் தலையாட்டியது தாத்தாவுக்காக. எனக்காக இன்றைக்குச் சொல்கிறேன்."

பத்து வருஷமாக அடுத்தவர்களின் 'நான்' சொல்லியிருக்கிறேன். இது ஒன்றை மட்டும் ரயிலில் மைசூர் வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

உத்தரவு நகல் உங்களுக்கும் வந்திருக்கும். அடுத்த செமஸ்டர் தொடக்கத்திலிருந்து இரண்டு பேர். போர்டில் எழுதுவதெல்லாம் முன்னாலேயே அவள் கைக்குத் தாளாக வர வேண்டும். பூஜ்யம் போட்ட பரீட்சையைத் திரும்ப வைக்க வேண்டும். என் தோழி மமதா ஒத்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் எனக்குத் தினம் இரண்டு மணி நேரம் அனுமதித்திருக்கிறார். இன்னொருவரைத் தேடுகிறோம். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, காலேஜ் எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்படக்கூட இன்னும் கொஞ்சம் தெம்பு வேண்டும்போல் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏழாம் தேதி வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் இருபத்துமூன்றாம் தேதி எப்படிப் பேசினாள்? அவளிடம் என்ன சொன்னீர்கள்?

லாவண்யா

*

ஆஸ்டின் டவுன்
5 ஜூன் 2024

லாவண்யாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பெய்த மழையில் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். மார்ச்சில் குடத்தோடு ஓடிய அதே ஆட்கள் வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். சோஃபியா நேற்று அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுதினாள். மமதா வந்து உட்கார்ந்திருந்தாளாம். நான் போகவில்லை. கேட் வரைக்கும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நீ கேட்டாய். சொல்கிறேன். ஜோசஃபினுக்கும் இது புதிது, பேனாவை நிறுத்தாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, சோஃபியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் லாயிட்டின் பெயரைக் கையால் போட்டேன். இடது புருவத்தில் தழும்பு, அதுதான் அவன் பெயர். சின்னத் தாத்தாவைப் பற்றி என்றால் அவள் கண்ணை மூட மாட்டாள். அவன் மடியில் வளர்ந்தவள்.

பங்களாதேஷ் யுத்தம் முடிந்த அடுத்த மாதம். ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புத் தாளை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. லாயிட்டுக்குப் பதினெட்டு வயது. ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஃபிட்டர் பிரிவில் இடம் கிடைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. அரம் பிடித்தால் வகுப்பிலேயே அவன் கைதான் சுத்தம். ஆனால் வாத்தியார் பேசுவது அவனுக்குத் தெரியாது, சொல்ல ஆளில்லை. எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆபீஸ் ரூமில் பள்ளித் தலைவர் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா ரங்கநாதன், ஓக்கலிபுரத்துக்காரர், காகிதம் வைத்திருந்தார். என் அப்பா, நான். லாயிட் கதவருகே நின்று எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு அன்று வலது கையில் கட்டு. "பெரியவனே போடட்டும், பஸ் பாஸ் விஷயம்தான்" என்றார் தலைவர். நான் கட்டைவிரலை வைத்தேன். பஸ் பாஸ் வரவில்லை. பத்து நாள் கழித்துக் கேட்டில் அவனைத் தடுத்துவிட்டார்கள். ரங்கநாதனை அவர் தெருவிலேயே போய்ப் பிடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "தம்பி, அதுல என்ன எழுதியிருந்ததுன்னு அப்பவே நீ கேட்டிருக்கணும்ப்பா. சொந்த விருப்பத்துல படிப்ப விடறான்னு இருந்தது. நான் சொல்லியிருக்கணும், எனக்கும் சம்சாரம் இருக்கு."

வீட்டுக்கு வந்தேன். லாயிட் வாசலிலேயே நின்றிருந்தான். என்ன ஆயிற்று என்று கையால் கேட்டான். நான் வைத்த கைநாட்டைச் சொல்ல என்னால் முடியவில்லை. "நீ ஃபெயில்" என்று சொன்னேன்.

அதன் பிறகு முப்பத்தேழு வருஷம் அவன் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை பிரித்தான். தனக்கு மூளை போதாது என்று நம்பியே செத்தான். சோஃபியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளிடம் சொல்வான், நான் மக்கு, நீ படி.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும், "நீ தலையாட்டியது எனக்காக. நான் லாயிட்டிடம் ஃபெயில் என்று சொன்னதும் அவனுக்காக என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்" என்றேன். அவள் கண்ணை மூடவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள், வலிக்கிற அளவுக்கு. மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பள்ளித் தலைவர் அவசரநிலைக் காலத்திலேயே போய்விட்டார். அப்பா அதற்கு அடுத்த தவக்காலத்தில். லாயிட் போய்ப் பதினைந்து வருஷம். ரங்கநாதன் கொரோனாவின் முதல் வருஷம், தொண்ணூறைத் தாண்டி. அவர் மகள் சொன்னாள், கடைசியில் யார் யாரையோ கூப்பிட்டுப் பஸ் பாஸ், பஸ் பாஸ் என்றாராம், யாருக்கும் புரியவில்லையாம். அந்த அறையில் இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவன், காகிதத்தில் விரல் வைத்தவன் ஒருவன்தான், பெர்னார்ட்.